உங்கள் டிரம்மர் யார்?

வால்வு ஆம்ப் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் பட்ஜெட் எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. டிரம்மர் யார், எப்படி அடிப்பார் என்று கேட்பேன். அடுத்தது, வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எத்தனை வாட், எந்த வால்வு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்தவன். அப்பாவின் கடைக்கு மர்ஃபி, பிலிப்ஸ் வால்வு ரேடியோக்களும், திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போகிற மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களும் வரும். ரேடியோவில் டிரான்சிஸ்டர் வந்தது, பிறகு மைக்செட்டிலும் வால்வு ஒழிந்தது. வேலை தெரிந்த கை சும்மா இருந்த காலத்தில்தான் கிட்டார்க்காரர்கள் தேடி வந்தார்கள். முதலில் சர்ச்சில் வாசிக்கிறவர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள். பிறகு கல்லூரி ராக் பேண்டுப் பையன்கள். இப்போது பெரும்பாலும் ஐ.டி. சம்பளத்தில் ஆசைப்பட்டதை வாங்குகிற பிள்ளைகள். ரேடியோவில் நாங்கள் ஒழிக்கப் பாடுபட்ட கரகரப்பைத்தான் இவர்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள். எனக்கு அது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

விஷயம் இதுதான். வால்வு தன்னால் முடிந்த எல்லையைத் தொடும்போது சட்டென்று முறிந்து விழாது. ஒலியலையின் தலை மெல்ல மழுங்கும். மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தும் ஒலிக்கும். விரலின் அழுத்தம் அப்படியே ஸ்பீக்கரில் தெரியும். கிட்டார்க்காரர்கள் பிரேக்-அப் என்று சொல்லும் இந்த இடத்துக்காகத்தான் இத்தனை செலவு, இத்தனை சுமை. ஆக, ஆம்ப்பைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த இடம் எவ்வளவு சத்தத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்வது. வீட்டில் ஒரு சத்தம், மேடையில் ஒரு சத்தம். இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

ஊரெல்லாம் சொல்லும் பதில்: வீட்டுக்கு 5 வாட், மேடைக்கு 50 வாட். கேட்க நியாயமாக இருக்கும். என் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் நேர் தலைகீழ்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதை அதன் விவரத்தாளில் போட்டிருப்பார்கள். செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக்குக்கு 98, விண்டேஜ் 30-க்கு 100. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். பத்து மடங்கானால் 10. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்கே கிட்டத்தட்ட 10 டெசிபல் வேண்டும். ஆகவே 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு பெரியது இல்லை. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவுதான். 98 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட் முழுசாகப் போனால் ஒரு மீட்டரில் 105 டெசிபல். அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்தச் சத்தத்துக்கு அசோசியேஷன் செக்ரட்டரியே மேலே ஏறி வருவார். ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தாலும் 88 டெசிபல் நிற்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது.

5 வாட் ஆம்ப்பின் அழகு அதை முழுசாகத் திருப்பும்போதுதான் வெளிவரும். 1950-களில் ஃபெண்டர் சாம்ப் என்று ஒன்று விற்றார்கள்: ஒரே ஒரு 6வி6 பவர் வால்வு, ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், ஒரு வால்யூம் திருகு. மாணவர்களுக்கென்று செய்த மலிவான பெட்டி. அந்த வகைச் சிறிய ஆம்ப்பை ரெக்கார்டிங்கில் மைக் முன்னால் வைத்து முழுசாகத் திருப்பி எத்தனையோ பேர் நல்ல ஒலி எடுத்திருக்கிறார்கள். அதை வீட்டுக்கு வாங்கி வந்து திருகை இரண்டில் வைத்து வாசித்தால், சின்ன ஸ்பீக்கரின் மெலிந்த ஒலிதான் மிச்சம். வாங்கியவர் ஏமாந்த முகத்தோடு என்னிடம் வருவார். ஆம்ப்பில் ஒரு கோளாறும் இருக்காது.

பெரிய ஆம்ப் எப்படி வந்தது என்று தெரிந்தால் மேடைக் கணக்கும் புரியும். லண்டனுக்கு அருகே டார்ட்ஃபோர்டில் வாக்ஸ் கம்பெனி முதலில் செய்தது 15 வாட் ஏசி15. ஷேடோஸ் குழு மேடையில் அது போதவில்லை என்றதால், ஏறத்தாழ அதையே இரட்டிப்பாக்கி, நான்கு இஎல்84 வால்வுகளோடு 30 வாட் ஏசி30 வந்தது. ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டர் பாஸ்மேனின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து ஜேடிஎம்45 செய்தார். 1965-இல் த ஹூ குழுவினர் அதுவும் போதாது என்று நின்றதில் 100 வாட் மார்ஷல் பிறந்தது. இவ்வளவு வாட் எதற்கு? அன்றைக்கு மைக்செட் பாடகருக்கு மட்டும்தான். கிட்டாருக்கு மைக் வைக்கும் வழக்கம் இல்லை. கடைசி வரிசை வரை கிட்டார் கேட்கவேண்டுமானால் அந்தப் பெட்டியேதான் கத்தவேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே 1965-இல்தான் ஷூர் கம்பெனியின் எஸ்எம்57 மைக்கும் வந்தது. இன்றைக்கு மேடையில் ஆம்ப் முன்னால் பெரும்பாலும் தொங்குவது அந்த மைக்தான். ஜனங்களுக்குக் கேட்பது மைக்செட் வழியாக. ஆம்ப்பின் வேலை, வாசிக்கிறவர் காதுக்கும் பக்கத்தில் இருக்கும் டிரம்மருக்கும் கேட்டால் போதும் என்று சுருங்கிவிட்டது. இப்போது தெரிகிறதா, நான் ஏன் டிரம்மரை விசாரிக்கிறேன் என்று? பிரஷ்ஷால் தடவுகிறவர் என்றால் 5 வாட்கூடத் தாங்கும். ராக் டிரம்மர் ஸ்நேரில் இறங்கி அடித்தால் 15 வாட்டுக்குக் கீழே வேண்டாம். 22 வாட்டுக்கு மேல் தேவைப்படுவது, அந்த அடிக்கு நடுவிலும் ஒலி கொஞ்சமும் உடையாமல் பளிங்காக நிற்கவேண்டும் என்கிறவருக்கு மட்டும். வாட் என்பது சத்தத்தின் அளவைவிட, எவ்வளவு சத்தம் வரை சுத்தமாக இருக்கும் என்பதன் அளவு.

பெரிய சுத்தமான ஆம்ப் வீட்டுக்கு ஏன் பொருந்தும் என்கிறேன்? ஃபெண்டர் ட்வின் ரிவர்பை எடுத்துக்கொள்ளுங்கள். 85 வாட், நான்கு 6எல்6, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 29 கிலோ. அதன் ஒலி வீட்டில் உடையவே உடையாது. உடையவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. முன்னால் ஒரு நல்ல ஓவர்டிரைவ் பெடலைப் போட்டு, கரகரப்பைப் பெடலிலேயே செய்துகொண்டு, வால்யூமை இரண்டில் வைத்தால் இரவு எட்டு மணிக்குக்கூட நிறைவான ஒலி. இரண்டு பெரிய ஸ்பீக்கர் மெல்லப் பேசும்போது கிடைக்கும் அடிநாதம், சின்னப் பெட்டி கத்தும்போது வராது. தூக்கிக்கொண்டு அலையவேண்டாம் என்பதால் எடையும் பிரச்சினை இல்லை. ஒரே கஷ்டம், அதில் வால்யூம் திருகு ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மயிரிழையில் எகிறும்.

வீட்டு ஒலிக்கும் மேடை ஒலிக்கும் உள்ள பேதத்தில் பாதி, ஆம்ப்பில் இல்லை, நம் காதில் இருக்கிறது. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய அடிநாதமும் உச்சநாதமும் காதுக்கு மற்றதைவிட அதிகமாக மங்கும். வீட்டில் சரிசெய்த திருகு நிலையை அப்படியே மேடையில் வைத்தால் அடி பொங்கி வழியும். இதை எத்தனை முறை சொன்னாலும், மேடைக்குப் போய் வீட்டில் போட்ட மார்க்கர் கோட்டுக்கே திருகைக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

மீதிப் பாதி சர்க்யூட்டில். வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்பைக் கொண்டுவந்தார். 22 வாட், இரண்டு 6வி6, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், 19 கிலோ. வீட்டுக்கும் மேடைக்கும் ஒன்றே போதும் என்றால் பலரும் கைகாட்டும் ஆம்ப் அது.

"அண்ணே, வீட்ல வாசிச்சா ஊசி குத்துற மாதிரி இருக்கு. ஜாம் ரூம்ல நல்லா இருக்கு. வால்வு போயிடுச்சா?"

"எந்த சேனல்ல வாசிக்கிறீங்க?"

"வைப்ராட்டோ. அதுலதானே ரிவர்ப் இருக்கு?"

கோளாறு எதுவும் இல்லை. அந்த சேனலின் வால்யூம் கன்ட்ரோலுக்குக் குறுக்கே 47 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்று இருக்கும். வால்யூமைக் குறைத்து வைத்தால், உச்சநாதம் மட்டும் அதன் வழியாகத் திருகைச் சுற்றிக்கொண்டு கடந்துவிடும். மற்ற நாதமெல்லாம் திருகில் மாட்டிக்கொள்ளும். வால்யூமை ஏற்ற ஏற்றச் சுற்றுவழிக்கு வேலை இல்லாமல் போகும். மேடையில் ஐந்தில் வைத்து வாசிக்கும்போது அது இருப்பதே தெரியாது. வீட்டில் இரண்டில் வைத்தால் அதுதான் முழுக்கத் தெரியும். ட்வினில் இதை நிறுத்த பிரைட் ஸ்விட்ச் உண்டு. டீலக்ஸில் இல்லை.

முதலில் நார்மல் சேனலில் செருகி வாசிக்கச் சொன்னேன். அதில் இந்தக் கண்டென்சர் கிடையாது. தம்பி முகம் மலர்ந்தது, "ஆனா ரிவர்ப் போச்சே" என்று உடனே வாடியது. சரி, கழற்றிவிடுவோம் என்று ஆம்ப்பைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஃபில்டர் கண்டென்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ரெசிஸ்டர் வைத்து மெல்ல வடித்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். அப்போதும் இடது கை பாண்ட் பாக்கெட்டில். அப்பா கற்றுக்கொடுத்த முறை அது: கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் நடுவில் இருப்பது இதயம். கண்டென்சரின் ஒரு காலை மட்டும் வெட்டி நிமிர்த்தி வைத்தேன், பிற்காலத்தில் விற்கிறபோது திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆன் செய்ததும் தம்பி ஒரு இ மைனர் கார்டைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார். ஆம்ப்பை மாற்றவே முடிவு செய்திருந்தவர், கண்டென்சர் காலை வெட்டிய கூலியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் வால்யூம் பற்றிக் கேட்பார்கள். மார்ஷல் 1975 வாக்கில் 2203 மாடலில் கொண்டுவந்தது: முன்னால் இருக்கும் சின்ன வால்வுகளில், அதாவது ஈசிசி83-களில், ஒலியை உடைத்துவிட்டுப் பின்னால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வசதிதான். அது பிரீஆம்ப் உடைப்பு. மெலிதாக, சலசலவென்று இருக்கும். பவர் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கர் கோனும் சேர்ந்து திணறும் ஒலி வேறு. ராக், மெட்டல் வாசிக்கிறவருக்கு முதல் வகையே போதும், சொல்லப்போனால் அதுதான் வேண்டும். புளூஸ்காரர் அதில் திருப்தி அடைந்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்கள் அட்டென்யுவேட்டர் வாங்குகிறார்கள். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, சக்தியை வெப்பமாக்கிக் கரைத்துவிடும் பெட்டி. 6 டெசிபல், 9 டெசிபல் குறைக்கும்வரை நன்றாகவே வேலை செய்யும். 20, 25 என்று போனால் ஸ்பீக்கர் கோன் அசைவதே நின்றுவிடும், மேலே சொன்ன காது விவகாரமும் சேர்ந்துகொள்ளும். கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போல ஆகிவிடும். தவிர, வீட்டில் மெதுவாகக் கேட்கிறதே என்று தினமும் மூன்று மணி நேரம் முழு வால்யூமில் விட்டால், உள்ளே பவர் வால்வு முழு உழைப்பில்தான் இருக்கிறது. வால்வு செலவு இரட்டிக்கும்.

இரவு ஒன்பதுக்கு மேல்தான் வாசிக்க நேரம், அதுவும் ஹெட்போனில் என்றால் வால்வு ஆம்ப் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். டிஜிட்டல் மாடலிங் பெட்டிகள் இப்போது நன்றாகவே இருக்கின்றன. ரிப்பேர்க்காரனே இப்படிச் சொல்கிறானே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு.

மேடைக்கு வருவோம். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டார்க்காரர் பெடலிலிருந்து நேராக டி.ஐ. பாக்ஸ் வழியாக மிக்ஸருக்குப் போய்விடுவார், ஆம்ப்பே இருக்காது. ஆம்ப் வைத்து வாசிக்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு அதைத் தரையில் காலுக்குப் பின்னால் வைப்பது. 12 அங்குல ஸ்பீக்கரின் உச்சநாதம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர் கோட்டில் போகும். முழங்காலுக்குக் காது கிடையாது. வாசிக்கிறவர் மந்தமாக இருக்கிறதென்று டிரெபிளை ஏற்றுவார். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கி வைத்தாலோ, முன் விளிம்புக்கு அடியில் செங்கல் கொடுத்துப் பின்னால் சாய்த்தாலோ பாதிச் சண்டை தீர்ந்துவிடும். எஸ்எம்57-ஐ ஸ்பீக்கர் நடுக் குமிழின் விளிம்புக்கு நேராக, வலைத்துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை ஏறும், வெளியே நகர்த்தினால் இருளும். ஆம்ப் திருகைத் தொடுவதற்கு முன் மைக்கை ஒரு அங்குலம் நகர்த்திப் பாருங்கள்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் நான் கறார். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது வோல்ட்டேஜைத்தான் குறைக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே கணக்காகச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடேறும். தொட்டுப் பார்த்துக் கை வைக்க முடியவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிவிடுவதே நல்லது. 1960-களின் அமெரிக்க ஆம்ப்கள் பலவற்றில் எர்த் இல்லாத இரண்டு முனை பிளக்கும், மெயின்ஸ் வயரிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கண்டென்சரும் இருக்கும். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட். அதை எடுத்துவிட்டு மூன்று வயர் போடாமல் அப்படி ஒன்றை என் கடையிலிருந்து வெளியே விடமாட்டேன். 1972 மே மாதம் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் இறந்துபோனார். நம் திறந்தவெளி மேடைகளில் ஜெனரேட்டரும், எங்கிருந்தோ இழுத்த எர்த்தும். வாசிக்கும் முன் கிட்டார் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு மைக்செட்காரரிடம் 70 வோல்ட் காட்டியபோது, "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது சார், ரப்பர் செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க" என்றார். கச்சேரி அரை மணி தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

முடிவாக எதை வாங்கச் சொல்வீர்கள் என்றால், வாரக் கடைசியில் மேடை, மற்ற நாளெல்லாம் வீடு என்கிற சராசரி ஆளுக்கு 15-லிருந்து 22 வாட் வரை, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். மாஸ்டர் வால்யூம் வேண்டும் என்றால் இரண்டு இஎல்84 போட்ட ஃபெண்டர் புளூஸ் ஜூனியர். 14 கிலோவில் ஸ்கூட்டர் கால்பலகையில் நின்றுவிடும். நடுநாதம் மணியாக ஒலிக்கவேண்டும் என்றால் வாக்ஸ் ஏசி15. அது ஆட்டோவில்தான் போகும். சுத்தமான ஒலியும் ரிவர்பும்தான் உயிர் என்றால் டீலக்ஸ். மேடையில் சத்தம் போதவில்லை என்று தோன்றினால் ஆம்ப்பை விற்காமல் ஸ்பீக்கரை மாற்றுங்கள். 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் போட்டால், வாட்டை இரட்டித்ததற்குச் சமம். ஓமும் தாங்கும் வாட்டும் பொருந்தவேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள்.

வால்வு கிடைக்குமா என்ற கவலை நியாயமானது. ஒரு காலத்தில் பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) நிறுவனமே ஈசிசி83, இஎல்84 எல்லாம் செய்தது. சென்னை ரிச்சி தெருவில் அட்டைப் பெட்டியோடு அள்ளிக்கொண்டு வருவோம். இப்போது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவை நம்பித்தான் பிழைப்பு. 2022-இல் ரஷ்யச் சரக்கு கொஞ்ச காலம் நின்றபோது விலை ஏறியது. ஒரு செட் பவர் வால்வு வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது. மேடைப் பையில் அவ்வளவு வேண்டாம்: பழைய காலுறையில் சுற்றிய ஒரு ஈசிசி83, சரியான ஆம்பியரில் இரண்டு ஃபியூஸ் (சிகரெட் பாக்கெட் ஜரிகைத் தாள் ஃபியூஸ் ஆகாது), ஒரு பென்சில். கச்சேரி நடுவில் விசில் கேட்டால், பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சின்ன வால்வாகத் தட்டுங்கள். எது மணி மாதிரி திரும்ப ஒலிக்கிறதோ அதைக் கழற்றிவிட்டு காலுறையில் இருப்பதைப் போடுங்கள்.

தனி ஹெட்டும் கேபினட்டும் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு ஸ்பீக்கர் கேபிள் எடுத்துப் போகவேண்டும். வெளிப்பார்வைக்கு அது கிட்டார் கேபிள் மாதிரியே இருக்கும். உள்ளே இரண்டு தடித்த கம்பி. அவசரத்துக்குக் கிட்டார் கேபிளைச் செருகினால் அதன் மெல்லிய நடுக்கம்பி சூடேறி அறுந்துபோகும். ஸ்பீக்கர் இல்லாத வால்வு ஆம்ப்பில் வாசித்துக்கொண்டே இருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி உள்ளே பொறி பறக்கும். புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வர இரண்டு வாரம் ஆகும், அடுத்த சனிக்கிழமைக் கச்சேரிக்கு முடியுமா என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.